பேனா நம்மூர்... நிப்பு ஜெர்மனி!

பீரோவைத் திறந்து பாருங்கள். பத்திரக் கட்டுக்கும் ஓடாத கைக்கடிகாரத்துக்கும் நடுவில் எங்கேயாவது ஒரு மைப் பேனா கிடக்கும். அப்பாவுடையதாக இருக்கலாம், தாத்தாவுடையதாக இருக்கலாம். மூடியைத் திருகினால் லேசில் திறக்காது. திறந்தால், உள்ளே மை காய்ந்து கருநீலப் பொடியாக உதிரும். எழுதவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது. மறுபடி அதே இடத்தில் வைத்து பீரோவைச் சாத்திவிடுவோம்.

இந்த மாதிரிப் பேனாக்களைத் தேடித்தான் இன்றைக்கு ஒரு கூட்டம் அலைகிறது. கல்லூரிப் பிள்ளைகள், ஐ.டி. ஊழியர்கள், டாக்டர்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று எல்லா வயதிலும் இருக்கிறார்கள். பழைய பார்க்கர் 51 ஒன்று கிடைத்துவிட்டால் அன்று அவர்களுக்குத் தீபாவளி. 1941-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த பேனா அது. நிப்பின் முனை மட்டும் எட்டிப் பார்க்க, மீதி உடம்புக்குள் ஒளிந்திருக்கும். நம் வீடுகளில் தங்க நிற மூடியோடு கம்பீரமாக இருந்த சீனத்து ஹீரோ பேனா, அந்தச் சாயலில் பிறந்ததுதான். எண்பதுகளில் பள்ளிக்கூடம் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தால் ஹீரோ பேனா என்பது வீட்டுக்கு வீடு கொடுக்கப்பட்ட வாக்குறுதி.

சேகரிப்பவர்கள் பேசுவதைக் கேட்டால் உடம்பைப் பற்றியே பேசுவார்கள். என்ன நிறம், எந்த வருஷம், மூடியில் கீறல் உண்டா, கிளிப் அசலா? தப்பில்லை. ஆனால், எழுதுவது உடம்பு இல்லை, நிப்பு. தமிழ்நாட்டுப் பேனாவின் கதையில் சிக்கல் விழுந்த இடமும் அந்த நிப்புதான். எனக்கு அது தெரிய வந்தது மாகறலில்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், செய்யாற்றங்கரையில் இருக்கிறது மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய மாகறலீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். அம்மா வழித் தாத்தாவுக்கு அதுதான் ஊர். காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு முதலாளியிடம் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். எந்தத் தறிக்கு எவ்வளவு பாவு போனது, எத்தனை மார்க் ஜரிகை போனது, கூலியில் முன்பணம் எவ்வளவு கழிந்தது என்று நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்த கை அது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, கட்டை விரல் தடிமனில் கறுப்பாக ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். பெயர் எதுவும் பொறிக்கவில்லை. நிப்பில் ஒரு பக்கம் முறிந்திருந்தது.

“நீ மெட்ராஸ்லதானப்பா இருக்க? இதுக்கு ஒரு நிப்பு கெடைக்குமா பாரு.”

“புதுப் பேனாவே வாங்கித் தர்றேன் தாத்தா.”

“பேனாவுக்கு என்ன கேடு? நல்லாத்தான இருக்கு. நிப்பு மட்டும் வாங்கியா போதும்.”

சின்ன வேலைதானே என்று வாங்கிக்கொண்டேன்.

ரப்பரில் கடைந்த பேனா

தாத்தாவின் பேனா பிளாஸ்டிக் இல்லை, எபொனைட். ரப்பரோடு கந்தகத்தை நிறையச் சேர்த்து நெடுநேரம் வேகவைத்தால் கட்டை மாதிரி இறுகிவிடும். 19-ம் நூற்றாண்டின் நடுவில் கண்டுபிடித்த சமாச்சாரம். அதைக் கம்பிகளாக வார்த்து, லேத்தில் வைத்துக் கடைந்து, உள்ளே குடைந்து, மரை வெட்டி, மெருகேற்றினால் பேனா. ஒன்றைப் போல் இன்னொன்று அச்சு அசலாக வராது. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள், லேசாகக் கந்தக வாசனை அடிக்கும்.

இந்த வேலையில் தென்னிந்தியாவுக்குப் பெரிய பெயர் உண்டு. ஆந்திராவின் ராஜமுந்திரியில் ரத்னம் என்ற பொற்கொல்லர் 1932 வாக்கில் சுதேசிப் பேனா செய்ய ஆரம்பித்தார். காந்திக்கு அனுப்பினார். வெளிநாட்டுச் சாமான் கலக்காத பேனாதானா என்பதில் காந்தி கறார். அதைச் சரிபார்க்கிற வேலை ஜே.சி.குமரப்பாவிடம் வந்தது. தஞ்சாவூரில் பிறந்த தமிழர், கிராமத் தொழில்களுக்காகவே வாழ்ந்த பொருளாதார அறிஞர். அவர் மூலமாக வந்த பேனாவால் எழுதிப் பார்த்துத் திருப்தியாகி, 1935 ஜூலையில் ரத்னத்துக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதினார் காந்தி. அந்தப் பேனாக் கடை இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லித்தான் விற்கிறது. சொல்லிக்கொள்ள வேண்டிய கதைதான்!

தமிழ்நாட்டுக்கு வருவோம். சென்னை பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, என்.எஸ்.சி.போஸ் சாலையில் ஜெம் அண்ட் கம்பெனி என்று ஒரு பேனாக் கடை. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே இருக்கிறது. ‘காமா’ என்ற பெயரில் அவர்களுடைய சொந்த எபொனைட் பேனாக்கள் உண்டு. மு.கருணாநிதி எழுதியது வாலிட்டி என்ற மும்பைப் பேனாவால். அது அவருக்குப் போனதும் இந்தக் கடையிலிருந்துதான். அத்தனை வசனங்களும் ‘உடன்பிறப்பே’ கடிதங்களும் எழுதிய கைக்கு விலை உயர்ந்த பேனா எதுவும் தேவைப்படவில்லை.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்து மாவட்டமான திருவள்ளூரில் இருக்கிறது ரங்கா பேனா. குடும்பத் தொழில். கையால் கடைந்து, கையால் மெருகேற்றுகிறார்கள். மூங்கில் கணு மாதிரி மேடு பள்ளம் வைத்து அவர்கள் கடைகிற பேனா, உலகம் முழுக்கப் பேனாப் பிரியர்களிடையே பிரபலம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ‘திருவள்ளூர்’ என்ற ஊர்ப் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், காரணம் கோயிலோ ரயில் நிலையமோ இல்லை, பேனா! திருவள்ளூர்க்காரர்களிடமே கேட்டுப் பாருங்கள், பாதிப் பேருக்குத் தெரியாது.

அப்படி வெளிநாட்டுக்குப் போகிற பேனாக்களில் நிறையவற்றில் மாட்டியிருக்கும் நிப்பு எங்கே செய்தது தெரியுமா? ஜெர்மனியில். ஜோவோ, ஷ்மிட் மாதிரி கம்பெனிகளின் நிப்பு. வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். வழுக்கிக்கொண்டு எழுதும், பத்து வாங்கினால் பத்தும் ஒரே மாதிரி இருக்கும், நெம்பர் சொன்னால் மாற்று நிப்பு கிடைக்கும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. பட்டு கர்நாடகாவிலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது, நெசவு மட்டும் காஞ்சி. அதனால் அது காஞ்சிப் பட்டு இல்லை என்றாகிவிடுமா என்ன? ஆனால் ஒரு வித்தியாசம். நிப்பு செய்கிற ஊர் நம்மிடமே இருந்தது.

சேவு மட்டுமா சாத்தூர்?

சாத்தூர் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? காராச்சேவு. பேருந்து நின்றதும் ஜன்னலுக்கு வருகிற வெள்ளரிக்காய். கொஞ்சம் வயதானவர்களாக இருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார்கள்: பேனா நிப்பு.

விருதுநகர் மாவட்டத்து சாத்தூர், ஒரு காலத்தில் நிப்புக்கு இந்தியா முழுக்கப் பெயர் வாங்கிய ஊர். பெரிய தொழிற்சாலை எல்லாம் இல்லை. சின்னச் சின்னப் பட்டறைகள், குடிசைத் தொழில். தீப்பெட்டி ஒட்டுகிற அதே மண்ணில், அதே மாதிரிக் கைகள் செய்தவை.

நிப்பு செய்வது எப்படி என்று தெரிந்துகொண்டால் அதன் மேல் மரியாதை வந்துவிடும். மெல்லிய தகட்டை வேல் முனை மாதிரியான வடிவத்தில் வெட்ட வேண்டும். நடுவில் துளை போட வேண்டும். பெயர் பொறிக்க வேண்டும். தட்டையாக இருப்பதை அழுத்தி வளைக்க வேண்டும். பிறகு முனையிலிருந்து துளை வரைக்கும் தலைமுடியை விட மெல்லிசாக ஒரு பிளவு. இந்தப் பிளவில்தான் எல்லாமே இருக்கிறது. கொஞ்சம் அகலமானால் மை கொட்டும், இறுகினால் எழுதாது, நேராக இல்லாவிட்டால் காகிதத்தைக் கீறும். கடைசியில் தேய்ப்பும் மெருகும். இத்தனை வேலையும் முடிந்து குரோஸ் கணக்கில், அதாவது 144 நிப்பாகக் கட்டி, கடைக்குப் போகும். பெட்டிக் கடையில் நாம் சில்லறைக் காசுக்கு வாங்கினோம். பெஞ்சில் ஒரு தடவை விழுந்தால் முனை வளைந்துவிடும். அழுதுகொண்டே போய் இன்னொன்று வாங்குவோம். பையன்கள் அழாமல், வளைந்ததைப் பல்லால் நிமிர்த்தப் பார்ப்பார்கள்!

அப்புறம் பால் பாயின்ட் வந்தது. 1938-ல் லாஸ்லோ பிரோ என்ற ஹங்கேரிக்காரர் காப்புரிமை வாங்கிய பேனா, நம்மூரை முழுசாகப் பிடிக்க நாற்பது, ஐம்பது வருஷமானது. பிடித்தபோது அடி பலமாகவே விழுந்தது. வெள்ளை உடம்பும் நீல மூடியுமாக வந்த ரெனால்ட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? அதை இந்தியாவில் தயாரித்த கம்பெனி இருந்தது சென்னையில். சாத்தூரை வீழ்த்தியது ஏதோ தூர தேசத்துப் பேனா என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

ரெனால்ட்ஸ் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. மை கொட்டாது, சட்டைப் பை கறையாகாது, கார்பன் வைத்து அழுத்தி எழுதலாம், விலையும் குறைவு. பேருந்து நடத்துநருக்கும் தபால்காரருக்கும் பெரிய நிம்மதி. தொண்ணூறுகளில் பிறந்த என்னைப் போன்றவர்களுக்கு மைப் பேனா என்பது நாலாவது, ஐந்தாவது வகுப்பில் ‘கையெழுத்து நல்லா வரணும்’ என்று டீச்சர் கட்டாயப்படுத்திய இரண்டு வருஷங்கள், அவ்வளவுதான். கையில் கசிந்த மையைத் தலையில் தடவிக்கொண்டது, சிந்திய மையைச் சாக்பீஸால் ஒற்றியது, பக்கத்துப் பையனிடம் நாலு சொட்டுக் கடன் வாங்கியது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

சாத்தூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. பேனாவாவது அழகுப் பொருளாகி, சேகரிக்கிறவர்கள் கைக்குப் போய்த் தப்பித்தது. நிப்பை யார் சேகரிப்பார்கள்?

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரம், 19-ம் நூற்றாண்டில் உலகத்துக்கே எஃகு நிப்பு செய்து கொடுத்தது. அங்கேயும் அந்தத் தொழில் போய்விட்டது. ஆனால் பழைய தொழிற்சாலை ஒன்றைப் பேனா அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டறைகளில் பெரும்பாலும் உழைத்தவர்கள் பெண்கள் என்பதையும் அங்கே பதிவு செய்திருக்கிறார்கள். சாத்தூரில் ஒரு சின்ன அறை, ஒரு பழைய கைப்பிரஸ், நாலு நிப்புப் பெட்டி. அந்த அளவுக்குக்கூடக் கூடாதா? அந்த மெஷினை மிதித்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே செய்தால் அவர்களே விளக்கிச் சொல்வார்கள்.

தாத்தா பேனா என்ன ஆச்சு?

ஜெர்மன் நிப்பு ஒன்றை மாட்டிவிடலாம் என்றுதான் நான் நினைத்தேன். பாரிமுனையில் காட்டியபோது, பொருந்தவில்லை. நிப்புக்கு அடியில் கறுப்பாக, சீப்புப் பல் மாதிரி வெட்டு வெட்டாக ஒரு துண்டு இருக்கும் இல்லையா, அதை நாங்கள் நாக்கு என்போம். பழைய எபொனைட் பேனாக்களில் அந்த நாக்கையும் கையாலேயே வெட்டியிருப்பார்கள். அதன் வளைவும் புது நிப்பின் வளைவும் ஒன்றோடு ஒன்று உட்காராவிட்டால் மை இறங்காது. கடைசியில், பழைய நிப்புகள் கிடந்த ஒரு டப்பாவைக் கொட்டி, ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்து, ஏழாவதோ எட்டாவதோ சரியாகப் போய் உட்கார்ந்தது. சாதாரண எஃகு நிப்பு. பேனாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தாத்தா முதலில் பிள்ளையார் சுழி போட்டார். அடுத்து ஒன்றிலிருந்து பத்து வரை எண்களை எழுதினார். கணக்குப்பிள்ளை இல்லையா!

அந்த டப்பா காலியான பிறகு வருகிறவர்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்ற கேள்வி என் மண்டையிலேயே நிற்கிறது. கான்பூரில் கான்ரைட் என்ற கம்பெனி இன்னமும் இந்திய நிப்பு செய்கிறது. புதுப் பேனா செய்பவர்களுக்கு அது உதவும். ஆனால் நம் வீட்டு பீரோக்களில் தூங்குகிற பழைய பேனாக்கள் ஒவ்வொன்றும் ஒரு வளைவு, ஒரு அளவு.

உங்கள் பேனாவை எழுப்ப...

எண்பது சதவிகிதம், எழுபது சதவிகிதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் ‘கெட்டுப்போச்சு’ என்று ஒதுக்கிய பேனாக்களில் நிறைய, கெட்டுப் போனவையே இல்லை. மை காய்ந்து அடைத்திருக்கும். அவ்வளவுதான்.

ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் நிப்பு மூழ்கும்படி ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் தண்ணீர் நீலமாகியிருக்கும். மாற்றுங்கள். மறுபடி வையுங்கள். இரண்டு, மூன்று நாள் ஆனாலும் பொறுமை வேண்டும். வெந்நீர் மட்டும் கூடவே கூடாது. எபொனைட் நிறம் வெளுத்து, பழுப்பாகிவிடும். வெயிலில் காய வைப்பதும் அப்படித்தான். மூடி திறக்கவில்லை என்று கட்டிங் பிளேயரைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்த ஆசையை விட்டுவிடுங்கள். தண்ணீரில் ஊறினால் மரையில் காய்ந்த மை தானே இளகும்.

உள்ளே ரப்பர் பை வைத்து, பக்கவாட்டில் நெம்புகோலோடு வருகிற வெளிநாட்டுப் பழைய பேனா என்றால், அந்தப் பை இந்நேரம் அப்பளம் மாதிரி நொறுங்கியிருக்கும். அதை மாற்றலாம். தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது.

மை? ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பிரில், கேமல் போதும். கொல்கத்தாவின் சுலேகா, 1934-ல் சுதேசி மையாகப் பிறந்து, எண்பதுகளின் கடைசியில் நின்றுபோய், மறுபடி எழுந்து வந்த கம்பெனி. அதன் மையும் இப்போது கிடைக்கிறது. படம் வரைகிற இண்டியன் இங்க்கை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் அரக்குப் பசை இருக்கும், காய்ந்தால் பேனாவுக்குப் பால் ஊற்றிவிட வேண்டியதுதான்.

ஃபில்லரால் நேரடியாக மை ஊற்றுகிற பேனாவில், மை கால்வாசிக்கும் கீழே போனதும் திடீரென்று பொட்டென்று ஒரு சொட்டு விழும். பேனா ஓட்டை என்று நினைப்போம். இல்லை. காலியான இடத்தில் இருக்கிற காற்று, கைச்சூட்டில் விரிந்து மையைத் தள்ளுகிறது. முழுசாகக் காலியாகும் முன்பே நிரப்பினால் போச்சு. எபொனைட்டில் சூடு சட்டென்று உள்ளே போகாது என்பதால் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. தடித்த பேனாவாகக் கடைந்ததற்கு அதுவும் ஒரு நன்மை.

‘மைப் பேனாவை இரவல் கொடுக்காதே, நிப்பு கை மாறிவிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். பாதி உண்மை. முனையில் கடினமான உலோகக் குண்டுமணி வைத்த நல்ல நிப்பு, ஒரு கையெழுத்துக்கெல்லாம் மாறாது. ஆனால் முனையில் எதுவும் வைக்காமல் தகட்டையே உருட்டிய மலிவு நிப்பு, எழுதுகிறவர் சாய்வுக்குச் சீக்கிரமே தேய்ந்து கொடுக்கும். நம் பாட்டன்மார்கள் கையில் இருந்தது பெரும்பாலும் இந்த ரகம். அவர்கள் அனுபவத்தில் சொன்னது சரிதான்.

புதிதாக வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டியதில்லை. நூறு, இருநூறு ரூபாயிலேயே எழுதுகிற பேனா இருக்கிறது. பழசு என்று சொல்லி விற்பவர்களிடம் கொஞ்சம் உஷார். நிப்பில் ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால் உடனே மயங்கிவிடாதீர்கள். ஜெர்மனிக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, இரிடியத்துக்கும் இல்லை! தங்க நிப்பு என்றால் 14 கே அல்லது 585 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் முப்பது, நாற்பது வருஷமாக நடக்கிற ஸ்டேஷனரி கடை இருந்தால், ஒரு தடவை போய்ப் பழைய நிப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். முதலில் இல்லை என்பார்கள். மேல் தட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பேனாவையும் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டிப் பார்க்காமல் வாங்கக் கூடாது. பொருந்தினால், ஒன்றோடு நிற்காமல் நாலைந்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.